காது குடைய ஒரு தீப்பெட்டி

நாலு மணி அடித்ததும் தளவாயின் காது தானாகவே வாசலுக்குப் போய்விட்டது. சிநேகிதன் கோமதிநாயகம் செத்து இன்றோடு பதினேழு நாள். நேற்றுத்தான் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து மனைவி உலகம்மாள் அங்கே கை நனைத்துவிட்டு வந்தாள். இவ்வளவும் மனசுக்குத் தெரியும், காதுக்குத்தான் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சைக்கிள் ஸ்டாண்டை எட்டி உதைக்கிற சத்தம், அப்புறம் ஒரு செருமல், அப்புறம் "தங்கச்சி, ஐயா தூங்குதாரா, இல்ல சட்டசபை கூடியாச்சா?" என்ற குரல். ஒன்பது வருஷமாக இந்த மூன்றும் இதே வரிசையில் வந்தன. ஐப்பசி அடைமழையில் குடைக்கம்பியிலிருந்து சொட்டிக்கொண்டு வந்தன, தேர்தல் அன்று விரலில் மையோடு வந்தன, ஒருமுறை நூற்றியிரண்டு டிகிரி காய்ச்சலோடும் வந்தன. இப்போது வாசலில் ஒரு ஆட்டுக்குட்டி எதையோ மென்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். சுவரோரக் கட்டிலில் இரண்டு தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்த தளவாய், ஆடாத வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது வேறு யாருடைய கையோ போல, அடுத்த வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சாமான்போல, மடியில் கிடந்தது. அறுபதாவது வயசில் ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது விழுந்தார். வலப்பக்கம் போனது, கூடவே பேச்சும் போனது. பேச்சு போனதென்றால் உள்ளே போகவில்லை. உள்ளே எல்லாம் இருந்தது. பஞ்சு மில்லில் முப்பத்தைந்து வருஷம் பார்த்த வேலை, ஓட்டிய மிஷின்களின் நம்பர், கோமதிநாயகம் சொன்னதும் அதற்கு இவர் சொல்ல நினைத்ததும் எல்லாம் பேல் பேலாகக் கட்டி அடுக்கிய பஞ்சுமூட்டைபோல இருந்தன. வாசல்படிக்கு வரும்போது மட்டும் அத்தனையும் உருமாறி ஒரே ஒரு சொல்லாக வந்து விழும். ஆமா. தண்ணி வேணுமா, ஆமா. வேண்டாமா, ஆமா. டாக்டர் தட்டிப் பார்த்து, வலிக்குதா, ஆமா, வலிக்கலையா, ஆமா என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

அந்த ஆஸ்பத்திரியில், திருநெல்வேலியில், கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்று அழுதுகொண்டிருந்தபோதுதான் கோமதிநாயகம் உள்ளே வந்தான். நேரில் இரண்டு பேருக்கும் எப்போதும் நீரு, உமக்கு, வே என்று மரியாதைதான், ஆனால் தளவாயின் மனசுக்குள் பதினாலு வயசிலிருந்து அவன் 'அவன்'தான். வந்தான், அழுகிற பொம்பளைகளைப் பார்த்தான், தளவாயைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தான். "என்ன வே, பாதி உடம்பு லீவு போட்டுட்டாம்லா? மீதிப் பாதியாவது சோலிக்கு வருமா?" என்றான். உலகம்மாளுக்கு அழுகையின் நடுவிலேயே சிரிப்பு வந்து, மூக்கிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தளவாயின் வாயில் இடது ஓரம் மட்டும் மேலே ஏறியது. பக்கவாதம் வந்த பிறகு அந்த முகம் செய்த முதல் காரியம் அதுதான். இரண்டு மாதம் கழித்து அந்த ஒற்றைச் சொல் வந்தபோது மகனும் மருமகளும் இவ்வளவுதானா என்று தொங்கிய முகத்தோடு நிற்க, கோமதிநாயகம், "எதுக்கு வருத்தப்படுதிய? எல்லாப் புருஷனும் வீட்டுக்குள்ள இந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் பொழைப்பை ஓட்டுதான். இவருக்கு அதை டாக்டர் சர்டிபிகேட்டோட குடுத்திருக்கு" என்றான். அப்புறம் தினமும் நாலு மணி. பேப்பர் வாசிப்பான். முதலமைச்சர் சொன்னது சரியா வே? ஆமா. எதிர்க்கட்சிக்காரர் அது தப்புங்காரே, அது சரியா? ஆமா. "உம்மைப் பிடிச்சு ஒரு மாநிலத்துக்குக் கவர்னராப் போட்டுரணும் வே, நாடு நிம்மதியா இருக்கும்." செவ்வாய்க்கிழமை நகம் வெட்டிவிடுவான். செவ்வாய்க்கிழமை நகம் வெட்டலாமா அண்ணாச்சி என்று உலகம்மாள் கேட்டதற்கு, இனிமேல் இவருக்கு என்ன தங்கச்சி கெடுதல் வரணும், பாக்கியிருந்தா வந்துட்டுப் போகட்டும் என்றான். "வலது கை நகம் மட்டும் என்ன வே இந்த வளத்தி வளருது? சோலி இல்லாத பயலுக்குத் தின்ன சோறு நகமாத்தான் போகும்போல." ஒன்பது வருஷம். முந்நூற்று அறுபத்தைந்தை ஒன்பதால் பெருக்கப் பார்த்து, பாதியில் எண்கள் நழுவி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்து, தளவாய் அதை விட்டுவிட்டார். பதிலே வராத ஒரு ஆளிடம் இத்தனை நாள் ஒருத்தன் வந்து பேசியிருக்கிறான். சொன்னதையே திருப்பிச் சொன்னதாக ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை. இவ்வளவு சிரிப்பை அவன் எங்கே வைத்திருந்தான்? சைக்கிளில் வரும்போது வழியிலேயே யோசிப்பானா? யாருக்காக? யாருக்காக என்று கேட்டதும் அந்த இடம் வந்துவிட்டது. எந்தப் பக்கமிருந்து நினைத்துக்கொண்டு போனாலும் கடைசியில் நினைப்பு அங்கேதான் போய் மாட்டிக்கொள்கிறது. பஞ்சு குடோன். சுவரில் ஆணி. ஆணியில் கோமதிநாயகத்தின் சட்டை.

மில் வாசலில் வாட்ச்மேன் சோதனை போடுவான். பஞ்சு இருக்கிற இடம், பீடி தீப்பெட்டி உள்ளே போகக் கூடாது. யார் யார் பீடி குடிக்கிறவர்கள் என்று அவனுக்கு அத்துப்படி, தளவாயின் வேட்டி மடிப்பைக்கூட உதறச் சொல்வான். பீடியை எங்காவது செருகிக் கொண்டுபோய்விடலாம், தீப்பெட்டி சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கோமதிநாயகத்துக்குப் பீடி, வெற்றிலை, பொடி எதுவும் கிடையாது, வாயைப் பேசுவதற்கு மட்டுமே வைத்திருந்தவன். அவனை யாரும் தொட மாட்டார்கள். அதனால் தளவாயின் தீப்பெட்டி தினமும் அவன் சட்டைப்பையில்தான் உள்ளே போகும். "உம்ம நெருப்பை நான் சொமக்கேன், உம்ம பீடியை நீரு சொமக்கீரு, ரெண்டு பேரும் ஒரு குடும்பம்தான் வே." குடோனில் பனியனோடு வேலை பார்ப்பான், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான். அன்று மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் வெளியே போனபோது தளவாய் போனார், அந்தப் பையில் கைவிட்டார், பேல்களுக்கு நடுவிலிருந்த சந்தில் நின்று பற்ற வைத்தார், தீப்பெட்டியை மறக்காமல் திரும்பப் பையில் போட்டார். அந்த மறக்காமல்தான். ஒருநாள் மறந்து தன் மடியிலேயே வைத்திருக்கக் கூடாதா? இரண்டு இழுப்பு. சூப்பர்வைசரின் பூட்ஸ் சத்தம் வராந்தாவில். கை பீடியை விட்டது. கை விட்டது தெரியும், எங்கே விழுந்தது தெரியாது, கால் அதை மிதித்ததா? முப்பத்தெட்டு வருஷமாக அந்தக் காலை அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறார், மிதிக்கிற மாதிரி ஒரு ஞாபகத்தைச் செய்துகூடப் பார்த்தார், அது ஒட்டவில்லை. கால் நேராக வாசலைப் பார்த்து நடந்தது. அரை மணி கழித்து முதலில் ஒரு வாசனை வந்தது, துணி கருகுகிற மாதிரி, சாதாரணமான ஒரு வாசனை. அப்புறம் இருநூறு பேல். ஆள் சேதம் இல்லை. மூன்று மாதம் மில் பூட்டிக் கிடந்தது, தெருவே பட்டினி கிடந்தது. அன்று சாயங்காலம் டீக்கடை பெஞ்சில், முகமெல்லாம் கரியோடு, கோமதிநாயகம் குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அணைச்சீரா?" தளவாய், "அணைச்சேன்" என்றார். அவன் தலையாட்டினான். டீயைக் குடித்தான். அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

எட்டாம் நாள் விசாரணை. மேனேஜர் ரூமில் மேஜைமேல் அந்தத் தீப்பெட்டி தனியாக இருந்தது, மூலை நசுங்கி, பச்சை லேபிளோடு. எரிகிற குடோனில் ஆணியிலிருந்த சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றியவன் கோமதிநாயகம். கடைசியில் அந்தச் சட்டைப்பையில் இருந்ததுதான் அகப்பட்டது. தளவாயைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அன்று தளவாய்க்கு நல்ல பேச்சு இருந்தது, தொண்டையில் ஒரு கரகரப்புக்கூடக் கிடையாது. இது யாருடையது என்று தெரியுமா? "தெரியாது சார்." தெளிவான, பிசிறில்லாத ஒரு சொல். பக்கத்தில் ஒரு கை தூரத்தில் கோமதிநாயகம் நின்றான். இவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் கால் கட்டைவிரலைப் பார்த்தார், அந்த விரல் அசையவே இல்லை. மேனேஜர் அவன் பக்கம் திரும்பினார். "பீடி குடிக்காதவனுக்குத் தீப்பெட்டி எதுக்குய்யா?" இப்போது சொல்லப்போகிறான், இதோ சொல்லப்போகிறான் என்று தளவாய் காத்து நின்றார். "காது குடைய, சார்" என்றான் கோமதிநாயகம். "உங்க மிஷின் போடுத சத்தத்துல காதுக்குள்ளயும் பஞ்சு அடைச்சுக்கிடுது." டைப் அடித்துக்கொண்டிருந்த கிளார்க்குக்குச் சிரிப்பு தாங்காமல் மிஷின் நின்றுவிட்டது. மேனேஜர் முகம் கறுத்தது. திமிர் என்று எழுதினார்கள், அலட்சியம் என்று எழுதினார்கள், வேலை போயிற்று. அந்த ஒரு நொடியில், வேலையும் பேரும் போகப்போகிற நொடியில், ஒரு மனுஷனுக்கு அந்தப் பதில் எப்படி வந்தது? அழுகை வரலாம், கோபம் வரலாம், உண்மை வந்திருக்கலாம், அது நாக்கு நுனியில்தானே இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு சிரிப்பை எடுத்துக் கொடுக்க எவ்வளவு பலம் வேண்டும்? கோயில் கோபுரத்தைக் கிட்டே நின்று அண்ணாந்து பார்த்தால் பிடரி வலிக்கும், முழுசாகவும் தெரியாது. அந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் தளவாய்க்கு அப்படித்தான் இருந்தது. தான் ஏன் பேசவில்லை என்பதற்குக் காரணம் தேடிக் களைத்துவிட்டார். புதிதாக மேஸ்திரி ஆகியிருந்தது, மகன் கைக்குழந்தை, இதெல்லாம் பிற்பாடு அடுக்கியவை. பயம். அவ்வளவுதான் இருந்தது அங்கே.

வேலை போன பிறகு அவன் மைக்செட் வைத்தான். கோமதி சவுண்ட் சர்வீஸ். சுற்று வட்டாரத்தில் கல்யாண வீடு என்றால் பந்தலுக்கு முன்னால் அவனைத்தான் சொல்லி வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் கவனத்துக்கு, சாம்பார் வாளி ஒன்றைக் காணவில்லை, எடுத்தவர்கள் வாளியை வைத்துக்கொள்ளலாம், சாம்பாரைத் திருப்பித் தரவும் என்று மைக்கில் அறிவிப்பான். ஆயுதபூஜைக்கு அதே மில்லில் மைக்செட்டுக்குக் கூப்பிட்டார்கள், போனான். அத்தனை முதலாளிகளும் உட்கார்ந்திருக்க, தீப்பெட்டி வைத்திருப்பவர்கள் மேடைக்கு வரவும், எனக்குக் காது குடைய வேண்டியிருக்கிறது என்று அறிவித்தான். கூட்டம் கைதட்டியது. கூட்டத்தில் நின்ற தளவாயும் தட்டினார். தட்டின கை இதுதான், மடியில் கிடக்கிற இதே கை. எத்தனை தடவை சொல்லிவிடலாம் என்று போயிருக்கிறார். அவன் மகள் காதுகுத்து அன்று, அவன் அம்மா செத்த அன்று, ஒரு தடவை குற்றாலத்தில் ஐந்தருவிக்குக் கீழே தண்ணீர் தலையில் அறைகிறபோது சொன்னால் அவனுக்குக் கேட்காது என்று நினைத்து வாயைத் திறந்து, வாயில் தண்ணீர் போய், புரையேறி, அவன்தான் முதுகில் தட்டினான். அவன் நம்பிவிட்டானா? அணைச்சேன் என்றதை நம்பி, வயர் கோளாறில் தீப்பிடித்தது, நம்ம சிநேகிதன் மேல் வீண்பழி வந்துவிடக் கூடாது என்று நினைத்துக் காது குடைந்தானா? இல்லை, தெரிந்தே செய்தானா? நம்பியிருந்தால் அவன் ஏமாந்தவன், ஏமாற்றியவன் நான். தெரிந்தே என்றால், தெரிந்தே என்றால் அவன் என்ன? அதற்குத் தளவாயிடம் ஒரு சொல்லும் இல்லை, உள்ளேகூட இல்லை. பேச முடிந்த காலமெல்லாம் போய், கடைசியில் வாயும் பூட்டிக்கொண்டபோது ஒரு கேவலமான நிம்மதி வந்தது. இனி யாரும் எதிர்பார்க்க முடியாதில்லையா. அந்த நிம்மதி வந்த நாளிலிருந்துதான் அவன் தினமும் வர ஆரம்பித்தான்.

அவன் சாவதற்கு நாலு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை. நகவெட்டியோடு கட்டிலில் உட்கார்ந்து வலது கைச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். உலகம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பேப்பரில் வந்த ஒரு திருட்டைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவன், குரலை மாற்றாமல், தலையை நிமிர்த்தாமல் சொன்னான். "ஒருத்தர்கிட்டக் கேக்கக் கூடாத கேள்வின்னு ஒண்ணு இருக்கு வே. அன்னைக்கு டீக்கடையில உம்மகிட்ட அணைச்சீரான்னு கேட்டேன் பாத்தீரா? கேட்டிருக்கக் கூடாது. உம்ம மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுது, பெறவு எதுக்குக் கேக்கணும்? நான் கேக்கப்போய்த்தான உமக்குப் பொய் சொல்லவேண்டியதாப் போச்சு. அதைத் தூக்கிட்டு இத்தனை வருஷம் திரிஞ்சிட்டீரு. அது என் பிசகு வே." தளவாயின் நெஞ்சு குலுங்கியது. உள்ளே அத்தனை பேலும் ஒரேயடியாகச் சரிந்தன, எல்லாம் வாசல்படிக்கு ஓடி வந்தன, வந்தது ஆமா. ஆமா, ஆமா, ஆமா. "அழாதீரும், கை ஆடுது, சதையை வெட்டிப்புடுவேன்" என்றான். நகத்தூளை ஊதினான், அடுத்த விரலைப் பிடித்தான். மறுநாள் வந்தான், பேப்பர் வாசித்தான், கவர்னர் ஐயா என்றான், அந்தப் பேச்சே நடக்காத மாதிரி. வியாழன் வந்தான். வெள்ளி வந்தான். சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டானாம். தளவாயைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை என்று யாரும் கூப்பிடவில்லை. இரண்டு தெரு தள்ளி மேளம் போவதைக் கட்டிலிலிருந்தே கேட்டார், தேய்ந்து தேய்ந்து ரயில்வே கேட் வரை கேட்டது. எல்லாம் தெரிந்தே. தெரிந்தே முப்பத்தெட்டு வருஷம். அதில் ஒன்பது வருஷம் நகம் வெட்டிவிட்டிருக்கிறான், பொய் சொன்ன வாய்க்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறான், ஊட்டிவிட்டுத் தன் துண்டால் துடைத்திருக்கிறான்.

"மாமா, நான் பொன்மலர் வந்திருக்கேன்."

தளவாய் திடுக்கிட்டார். கோமதிநாயகத்தின் மகள். நர்சரி பள்ளியில் டீச்சர், நாற்பத்தைந்து வயசிருக்கும், அப்பாவின் அதே அகலமான நெற்றி. அழுது அழுது கண் இடுங்கியிருந்தது. உலகம்மாள் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. பொன்மலர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள், முந்தானை நுனியைச் சுருட்டினாள், விரித்தாள்.

"உங்ககிட்டச் சொல்லாம வேற யார்கிட்டச் சொல்ல மாமா. சுடுகாட்டுல கொள்ளி வைக்கும்போது பழைய மில்லுக்காரர் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னாராம், மில்லைக் கொளுத்துனவனை இன்னைக்குக் கொளுத்துதாங்கன்னு. தம்பி வீட்டுக்கு வந்து அழுதான். மில்லு எரிஞ்சப்போ எனக்கு ஏழு வயசு. ஸ்கூல்ல தீவச்சான் மவளேன்னுதான் கூப்பிடுவாளுக. வந்து அப்பாகிட்ட அழுதா, தீபாவளிக்கு மட்டும் உன்கிட்டத்தான் வந்து நிப்பாளுக பாருன்னு சிரிக்க வச்சிருவாரு. நேரா ஒருநாளும் கேட்டதில்ல. இப்பக் கேக்கணும்போல இருக்கு, ஆளில்ல." முந்தானை நுனியை விட்டாள். "எங்கப்பா பீடியே தொட்டதில்லையே மாமா. அந்தத் தீப்பெட்டி யாரோடது?"

"ஆமா" என்றார் தளவாய்.

அவள் வறண்ட ஒரு சிரிப்புச் சிரித்தாள். "உங்ககிட்டக் கேட்டு என்ன செய்ய. வாரேன் மாமா." எழுந்தாள். அவ்வளவுதான், இன்னும் நாலு எட்டில் வாசல், பிறகு யாரும் கேட்க மாட்டார்கள், தீவச்சான் என்ற பேர் அவன் பேரனுக்கும் போகும். அந்த ஆமா என்கிற போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு தளவாய் நிம்மதியாகச் சாகலாம். பழைய பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது, அதே முப்பத்தோரு வயசுப் பயம், கொஞ்சமும் கிழடாகாமல். தளவாய் இடது கையைத் தூக்கினார். ஆடாத கை மடியிலிருந்து சரிந்து கட்டில் சட்டத்தில் இடித்தது. அந்தச் சத்தத்தில் அவள் திரும்பினாள். இடது கை அவர் நெஞ்சில் வந்து விழுந்தது. எடுத்தார். மறுபடியும் அடித்தார்.

"என்ன மாமா, நெஞ்சு வலிக்குதா?"

"ஆமா." இல்லை, இல்லை. தலையை அசைத்தார், கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு விரலைச் சேர்த்து உதட்டில் வைத்து இழுத்துக் காட்டினார். விரல்களைக் கீழே விட்டார். நெஞ்சைத் தொட்டார்.

பொன்மலர் மெல்லத் திரும்பி வந்து நின்றாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. "பீடி" என்றாள். "உங்க பீடியா? தீப்பெட்டி உங்களோடதா?"

"ஆமா."

"இருங்க. நீங்க எல்லாத்துக்கும் ஆமாம்பீங்க." அவள் அவன் மகள்தான், சட்டென்று யோசிக்கிறாள். குனிந்து அவர் கண்ணைப் பார்த்தாள். "எங்கப்பாவோடதா மாமா?"

வாய் சொல்லிவிட்டது. ஆமா என்று சொல்லியேவிட்டது. அன்றைக்குத் தெரியாது என்று சொன்ன அதே வாய், இன்றைக்கும் அவனைத்தான் காட்டிக்கொடுத்தது. தளவாய் இடது உள்ளங்கையால் தன் வாயில் ஓங்கி அறைந்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, தலையணை கீழே விழுகிறவரை ஆட்டினார். வாயைப் பொத்திக்கொண்டே, பொத்திய கைக்கு மேலே கண்ணீர் வழிய ஆட்டினார். அப்புறம் கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

வாசலில் ஆட்டுக்குட்டியை யாரோ விரட்டினார்கள். பொன்மலரின் கை உயர்ந்தது. அடிப்பாள் என்று தளவாய் நினைத்தார், அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். அவள் அந்தக் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"ஆமா." இதற்குத் தலையையும் ஆட்டினார், மேலும் கீழுமாக, பல தடவை.

"தெரிஞ்சுதான் இங்க வந்தாரா. தெனமும்." அவள் குரல் கேள்வியாக இல்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அங்கே எதுவும் இல்லை. "எங்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லலையே, பாவி மனுஷன்" என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தளவாய்க்கு அந்த நேரத்திலும், இவ்வளவு வெட்கத்துக்கு நடுவிலும், அவனைப் பற்றி இந்த உலகத்தில் தன்னைப்போலவே மலைத்து நிற்க இன்னொரு ஆள் கிடைத்துவிட்டது தெரிந்தது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அத்தைக்குத் தெரியுமா?"

தளவாய் தலையை அசைத்தார். இல்லை.

பொன்மலர் கீழே விழுந்த தலையணையை எடுத்துத் தட்டி அவர் முதுகுக்குக் கொடுத்தாள். நிமிர்த்தி உட்கார வைத்தாள். பின்கட்டுப் பக்கம் திரும்பி, "அத்தை, செத்த இங்க வாங்களேன். மாமா ஒண்ணு சொல்லணுமாம்" என்று கூப்பிட்டாள்.

"அவரு என்னத்தைம்மா சொல்லப்போறாரு" என்று கேட்டுக்கொண்டே உலகம்மாள் ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். நாற்பது வருஷமாக அவரை நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருந்த முகம். தளவாய் அதை ஒருதரம் முழுசாகப் பார்த்துக்கொண்டார். பிறகு கையைத் தூக்கினார்.